கறுப்பில் ஆடி வென்ற ஆட்டம்: ரோட்லெவி – ரூபின்ஸ்டைன், 1907. பலகையில் வைத்துப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

1907 டிசம்பர். அன்று ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த போலந்து நகரம் லோட்ஸ். அங்கே நடந்த போட்டியில் கியோர்க் ரோட்லெவி வெள்ளை, அகிபா ரூபின்ஸ்டைன் கறுப்பு. 25 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டபோது கறுப்பிடம் ராணி இல்லை, வெள்ளையிடம் ராணியும் இரண்டு யானைகளும் இருந்தன. ‘ரூபின்ஸ்டைனின் சாகாவரம் பெற்ற ஆட்டம்’ என்று செஸ் உலகம் இதைச் சொல்கிறது.

பெரும்பாலானோர் இதை 22-ஆம் நகர்விலிருந்துதான் பார்க்கிறார்கள். யானை பலி, ராணி பலி, இன்னொரு யானை பலி, மேட். கைதட்டலாம், ஆனால் நம் அடுத்த போட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பலிகள் ஏன் எடுபட்டன என்பது 15-ஆம் நகர்விலேயே முடிவான விஷயம். அதுவும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் பாதியில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறோம்.

தொடங்கும் முன்

நிஜப் பலகை ஒன்றை எடுங்கள். கைபேசித் திரை வேண்டாம். கை காயை நகர்த்தினால்தான் கட்டங்கள் மனதில் நிற்கும். கறுப்புக் காய்கள் உங்கள் பக்கம் இருக்கும்படி பலகையைத் திருப்பிக்கொள்ளுங்கள். கறுப்பு வென்ற ஆட்டத்தை வெள்ளையின் பக்கம் உட்கார்ந்து படிப்பது பலருக்கு இருக்கும் வழக்கம். அப்படிப் படித்தால் கறுப்பில் ஆடும்போது அந்த அமைப்பு கண்ணில் படாது. ஒரு காகிதமும் பென்சிலும் வேண்டும். எஞ்சினை, அதாவது நகர்வுகளை ஆராயும் கணினி நிரலை, கடைசி வரை திறக்காதீர்கள்.

குறியீடு எளிது. நெடுவரிசைகள் வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் (உங்கள் பக்கமிருந்து வலமிருந்து). கிடைவரிசைகள் வெள்ளையின் ஓரத்திலிருந்து 1 முதல் 8. காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய். × என்றால் வெட்டு, + என்றால் செக், 0-0 என்றால் ராஜாவின் பக்கம் கோட்டை கட்டுவது, ! நல்ல நகர்வு, !! அபாரமான நகர்வு. ‘யானை ஏசி8’ என்றால் ஏ நெடுவரிசையில் இருக்கும் யானை சி8-க்குப் போகிறது. நகர்வு எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்வு.

முதல் பத்து நகர்வுகள்: யார் முதலில் பொறுமை இழப்பது

1. டி4 டி5
2. குதிரை எஃப்3 இ6
3. இ3 சி5
4. சி4 குதிரை சி6
5. குதிரை சி3 குதிரை எஃப்6

இங்கே நிறுத்துங்கள். பலகை கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கிறது. வெள்ளையிடம் டி4, சி4, இ3. கறுப்பிடம் டி5, சி5, இ6. நான்கு குதிரைகளும் தங்கள் இயல்பான இடத்தில். ராணியின் சிப்பாய் ஆட்டத்துக்குக் கறுப்பு ...சி5 என்று பதில் சொல்லும் இந்த மரபான தற்காப்புக்கு ஜெர்மனியின் சீக்பெர்ட் தாராஷ் பெயர் நிலைத்துவிட்டது. கறுப்புக்குச் சரியான பதில் இது ஒன்றுதான் என்று பிடிவாதமாக வாதாடியவர் அவர். நடுக்கட்டங்களில் வெள்ளைக்குச் சமமாகப் பங்கு கேட்பதுதான் இதன் அடிப்படை.

இந்த நிலையில் ஓசையில்லாத ஒரு போட்டி நடக்கும். வெள்ளையின் எஃப்1 பிஷப் இன்னும் நகரவில்லை, கறுப்பின் எஃப்8 பிஷப்பும் நகரவில்லை. எதிரி சி சிப்பாயை வெட்டினால், வீட்டிலிருந்து ஒரே தாவலில் போய்த் திருப்பி வெட்டலாம். அதற்கு முன்பே பிஷப்பை நகர்த்திவிட்டால் அந்த நகர்வு வீண். ஆகவே இருவரும் பிஷப்பைத் தொடாமல், வேறு பயனுள்ள நகர்வுகளை ஆடிக்கொண்டு, மற்றவர் முதலில் பொறுமை இழக்கக் காத்திருப்பார்கள்.

6. டி×சி5 பிஷப்×சி5
7. ஏ3 ஏ6
8. பி4 பிஷப் டி6
9. பிஷப் பி2 0-0

ரோட்லெவி ஆறாவது நகர்விலேயே வெட்டிவிட்டார். கறுப்பு பிஷப் ஒரே தாவலில் சி5. பெரிய தவறு என்று சொல்ல முடியாது. பின்னால் பி4 ஆடி அந்தப் பிஷப்பை ஒரு முறை விரட்டியிருக்கிறார், கணக்கு ஓரளவு நேரானது. ஆனால் டி5-இல் கறுப்பின் சிப்பாய் இன்னும் நிற்கிறது, எப்போது வேண்டுமானாலும் சி4-ஐ வெட்டலாம். வெள்ளைதான் இப்போது காத்திருக்க வேண்டியவர்.

10. ராணி டி2 ராணி இ7

இதுதான் முதல் சறுக்கல். எஃப்1 பிஷப்பை நகர்த்தாமல் பொழுதைக் கழிக்க ஒரு நகர்வு வேண்டும், அதற்காக ராணி டி2. டி5 சிப்பாயின் மீது அழுத்தமும் கிடைக்கிறது என்று நினைத்திருக்கலாம். ஆனால் டி நெடுவரிசை திறக்கப்போகிறது, அங்கே கறுப்பு யானை வரும். ராணி நிற்கக் கூடாத இடம்.

ரூபின்ஸ்டைனின் பதில் டி5 சிப்பாயைக் காக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பலகையில் ஆடிப் பாருங்கள்: 11. சி×டி5 இ×டி5 12. குதிரை×டி5 குதிரை×டி5 13. ராணி×டி5 யானை டி8. ஒரு சிப்பாய் போனது உண்மை. ஆனால் இப்போது ...பிஷப்×பி4+ என்று செக் சொல்லிக்கொண்டே விலகினால் டி8 யானைக்கு டி5 ராணி இரை. ராணி பி3-க்கு ஓடினால் ...பிஷப் இ6 மறுபடி துரத்தும். வெள்ளை ராஜாவோ இன்னும் இ1-இல். ரோட்லெவி சிப்பாயைத் தொடாமல் விட்டது சரிதான்.

பதினொன்று முதல் பதினைந்து: காகிதத்தை எடுங்கள்

11. பிஷப் டி3 டி×சி4
12. பிஷப்×சி4 பி5
13. பிஷப் டி3 யானை டி8
14. ராணி இ2 பிஷப் பி7
15. 0-0

வெள்ளை பிஷப் டி3 ஆடிய அடுத்த நொடியே கறுப்பு சி4-ஐ வெட்டுகிறார். காத்திருந்தது இதற்குத்தான். பிஷப் டி3, சி4, மறுபடி டி3 என்று மூன்று நகர்வுகளில் ஒரு நகர்வுக்கான தூரம் போயிருக்கிறது. அப்புறம் கறுப்பு யானை டி8-க்கு வந்ததும் ராணிக்கும் இடம் மாற வேண்டிய நிலை.

இப்போது பலகையை நன்றாகப் பாருங்கள். வெள்ளை: சிப்பாய்கள் ஏ3, பி4, இ3, எஃப்2, ஜி2, எச்2, குதிரைகள் சி3, எஃப்3, பிஷப்கள் பி2, டி3, ராணி இ2, யானைகள் ஏ1, எஃப்1. கறுப்பு: சிப்பாய்கள் ஏ6, பி5, இ6, எஃப்7, ஜி7, எச்7, குதிரைகள் சி6, எஃப்6, பிஷப்கள் பி7, டி6, ராணி இ7, யானைகள் ஏ8, டி8. ஒரே ஒரு வித்தியாசம்: வெள்ளையின் யானை எஃப்1-இல், கறுப்பின் யானை ஏற்கெனவே டி8-இல். போதாததற்கு இப்போது நகர வேண்டியது கறுப்பு.

காகிதத்தில் இரண்டு பத்தி போட்டு எண்ணுங்கள். வெள்ளை இதுவரை 15 நகர்வுகள் ஆடியிருக்கிறார். சி, டி சிப்பாய்களுக்கு மூன்று, குதிரைகள், இ3, ஏ3, பி4, பி2 பிஷப் சேர்த்து ஆறு, மற்றொரு பிஷப்புக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, கோட்டைக்கு ஒன்று. கறுப்பு 14. முதல் இரண்டு கணக்கும் அதே மூன்று, ஆறு. பிஷப்புக்கு இரண்டு, ராணிக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று, யானை டி8-க்கு ஒன்று. வெள்ளை 15 நகர்வுகளில் அடைந்த அதே அமைப்பைக் கறுப்பு 13-இல் அடைந்து, மிச்சத்தில் யானையையும் கொண்டுவந்துவிட்டார். பிஷப்பில் ஒன்று, ராணியில் ஒன்று என வெள்ளை இரண்டு டெம்போ, அதாவது இரண்டு நகர்வு நேரம், இழந்திருக்கிறார். ஆட்டத்தைத் தொடங்கியவர் வெள்ளை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

டெம்போ என்ற சொல்லைப் பயிற்சியாளர்கள் அடிக்கடி சொல்வார்கள், மாணவர்களும் தலையாட்டுவார்கள். அதை விரல் விட்டு எண்ணிக் காட்ட இந்த ஆட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. காரணம் இந்தச் சமச்சீர்தான். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு என்பதால் ஒப்பிட வேறு எதுவும் தேவைப்படுவதில்லை.

இந்தக் கணக்கை நீங்களே ஒரு முறை போடாமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள். பின்னால் வரும் பலிகள் எல்லாம் இந்த இரண்டு நகர்வுகளைச் செலவழிக்கும் வழிகள்தான்.

சமநிலை உடையும் இடம்

15. ... குதிரை இ5
16. குதிரை×இ5 பிஷப்×இ5

முன்னால் இருப்பவர் சமச்சீரைக் கலைக்க வேண்டும், அதுவும் உடனே. குதிரை இ5-க்குப் பாய்ந்ததும் எஃப்3-இல் இருந்த வெள்ளைக் குதிரை மறைகிறது. வெள்ளை ராஜாவின் முதன்மைக் காவலன் அதுதான். பி7 பிஷப்பின் வழியும் திறக்கிறது.

இங்கே முதல் பயிற்சி. கறுப்பின் அடுத்த மிரட்டல் என்ன? கீழே பார்க்காமல் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விடை: ...பிஷப்×எச்2+! ராஜா×எச்2, ராணி டி6+. செக்கும் டி3 பிஷப்பின் மீது தாக்குதலும் ஒன்றாக. ராஜா ஜி1-க்குப் போனால் ராணி×டி3, ராணி×டி3, யானை×டி3. கொடுத்த பிஷப் திரும்பி வந்தது, ஒரு சிப்பாய் லாபம். டி8-இல் யானை முன்கூட்டியே நின்றதால்தான் இது நடக்கிறது. அந்த உபரி டெம்போவின் முதல் வட்டி.

17. எஃப்4 பிஷப் சி7
18. இ4 யானை ஏசி8
19. இ5

ரோட்லெவி எச்2-ஐக் காக்க எஃப்4 ஆடினார், பிஷப்பையும் விரட்டினார். அதே வேகத்தில் இ4, இ5. பார்ப்பதற்கு வெள்ளை முன்னேறுவது போலத் தெரியும். நடுவில் இரண்டு சிப்பாய்கள், எஃப்6 குதிரைக்கு அடி. கிளப் ஆட்டத்தில் இந்த நிலையைக் காட்டி யார் பக்கம் வேண்டும் என்று கேட்டால், பாதிப் பேர் வெள்ளை என்பார்கள்.

ஒவ்வொரு சிப்பாய் நகர்வும் எந்தக் கதவைத் திறந்தது என்று பாருங்கள். இ3-இல் சிப்பாய் இருந்தவரை பி6-இலிருந்து ஜி1 வரை செல்லும் மூலைவிட்டம் மூடியிருந்தது. இ4 ஆடியதும் அது திறந்தது. இ4-இல் சிப்பாய் நின்ற ஒரு நகர்வு நேரம் பி7-இலிருந்து ஜி2 வரை செல்லும் மூலைவிட்டம் மூடியிருந்தது. இ5 ஆடியதும் அதுவும் திறந்தது. கறுப்பின் இரண்டு பிஷப்புகளுக்கும் பாதையை வெட்டிக் கொடுத்தவர் ரோட்லெவியே. எஃப் சிப்பாய் முன்னே போனதால் ராஜாவின் பக்கத்தில் எஃப்2 காலி.

வளர்ச்சியில் பின்தங்கியவர் நடுவைத் திறக்கக் கூடாது என்பது பழைய விதி. ரோட்லெவிக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். 1911 கார்ல்ஸ்பாட் போட்டியில் நான்காவதாக வந்தவர் அவர், அந்தக் காலத்தின் நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவர். கண்ணாடி போன்ற நிலையில் ‘எனக்கும் அவருக்கும் சமம்தானே’ என்ற நினைப்பு யாரையும் ஏமாற்றும். என் பார்வையில் 18-ஆவது நகர்வில் யானைகளை சி1, டி1 கட்டங்களுக்குக் கொண்டுவந்து பொறுமையாக இருந்திருந்தால், இன்று இந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள்.

நிறுத்தி யோசிக்க வேண்டிய நிலை

19. ... பிஷப் பி6+
20. ராஜா எச்1 குதிரை ஜி4

குதிரைக்கு அடி விழுந்திருக்கிறது, ஆனால் அதை நகர்த்தும் முன் ஒரு செக். ராஜா மூலைக்குப் போன பிறகு ஜி1 இனி அவருக்கு இல்லாத கட்டம். பி6 பிஷப் கடைசி வரை அதைப் பூட்டியே வைத்திருக்கும். அப்புறம்தான் குதிரை ஜி4-க்கு. ‘முதலில் செக்கா, முதலில் குதிரையா’ என்ற இந்த வரிசையைக் கவனியுங்கள். போட்டிகளில் வரிசை மாற்றி ஆடி வெற்றியைத் தவறவிடுவது சாதாரணமாக நடக்கும்.

குதிரையை ராணியால் வெட்டலாமே? 21. ராணி×ஜி4 யானை×டி3. இ2-ஐ விட்டு ராணி போனதும் டி3 பிஷப்புக்குக் காவல் இல்லை. காய் திரும்ப வந்துவிடுகிறது, சி3 குதிரை இப்போது டி3, சி8 என இரண்டு யானைகளின் குறியில், டி3 யானைக்கு டி2 கட்டம் காத்திருக்கிறது.

21. பிஷப் இ4 ராணி எச்4

வெள்ளை பி7 மூலைவிட்டத்தை அடைக்கிறார். கறுப்பு எச்2-இல் மேட் மிரட்டுகிறார். இப்போது காகிதத்தில் இன்னொரு பட்டியல், இந்த முறை காவல் பட்டியல். இ4 பிஷப்பை யார் காக்கிறார்கள்? சி3 குதிரையும் இ2 ராணியும். எச்2-ஐ யார் காக்கிறார்கள்? இப்போதைக்கு ராஜா மட்டும். ஜி சிப்பாய் நகர்ந்தால் இரண்டாம் கிடைவரிசை வழியாக ராணியும். அதாவது ராணிக்கு இரண்டு வேலை வரப்போகிறது. இந்தப் பட்டியலை எழுதியவர்களுக்கு அடுத்த இரண்டு நகர்வுகள் ஓரளவு தானாகவே தெரியும். எழுதாதவர்களுக்கு அவை மந்திரம் மாதிரி இருக்கும்.

வெள்ளைக்கு இரண்டு வழி. முதலில் 22. எச்3. ஆட்டத்தில் வராத, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய வழி. 22. ... யானை×சி3! இப்போது மூன்று கிளை.

23. ராணி×ஜி4 என்றால் யானை×எச்3+ 24. ராணி×எச்3 ராணி×எச்3+ 25. ஜி×எச்3 பிஷப்×இ4+ 26. ராஜா எச்2 யானை டி2+ 27. ராஜா ஜி3 யானை ஜி2+ 28. ராஜா எச்4 பிஷப் டி8+ 29. ராஜா எச்5 பிஷப் ஜி6 மேட். கறுப்பு ராணி இல்லாமலே ராஜாவைப் பலகையின் ஓரமாக நடத்திக்கொண்டு போகிறார். மெதுவாக ஆடிப் பாருங்கள், சுவையான கிளை.

23. பிஷப்×சி3 பிஷப்×இ4 24. ராணி×இ4 என்றால் ராணி ஜி3! எச்2-இல் மேட் மிரட்டல், 25. எச்×ஜி4 ராணி எச்4 மேட்.

அதே நிலையில் 24. ராணி×ஜி4 என்றால் ராணி×ஜி4 25. எச்×ஜி4 யானை டி3! யானை எச்3-க்குப் போனால் மேட், ஏனென்றால் ஜி2 சிப்பாய் இ4 பிஷப்பால் கட்டுண்டு கிடக்கிறது, நகர்ந்தால் ராஜாவுக்குச் செக். 26. ராஜா எச்2 என்று தப்பினால் யானை×சி3, ஒரு காய் லாபம்.

மூன்றிலும் வேலை செய்வது சி3-இல் நின்ற காவலனை அகற்றிய அந்த முதல் அடிதான்.

புகழ்பெற்ற நான்கு நகர்வுகள்

22. ஜி3

இங்கே புத்தகத்தை மூடிவைத்து யோசிப்பது மாதிரி, கீழே உள்ளதை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு ராணிக்கு அடி விழுந்திருக்கிறது. ராணியை நகர்த்தாமல் ஒரு நகர்வு கண்டுபிடிக்க வேண்டும்.

22. ... யானை×சி3!!

ராணி இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெள்ளையின் பதில்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

23. பிஷப்×சி3 என்றால் பிஷப்×இ4+ 24. ராணி×இ4 ராணி×எச்2 மேட். ராணிக்கு இரண்டு வேலை என்று எழுதி வைத்தோமே, அது இங்கே பலிக்கிறது. இ4-ஐ வெட்டப் போனால் எச்2 காவல் இல்லாமல் போகிறது.

23. பிஷப்×பி7 என்றால் யானை×ஜி3! எச்2 சிப்பாயால் அந்த யானையை வெட்ட முடியாது, எச் நெடுவரிசையில் கறுப்பு ராணி அதை ராஜாவோடு கட்டிப்போட்டிருக்கிறது. இதற்கு மேல் நீங்களே தொடருங்கள்.

23. ஜி×எச்4 யானை டி2!!

ராணி போய்விட்டது. இப்போது இரண்டாவது யானையும் வெட்டுக்கு நிற்கிறது. காவலன் ஒருவன் போனான், மிஞ்சியது ராணி. அதையும் இ2-இலிருந்து இழுக்க வேண்டும். அதற்குத்தான் டி2.

24. பிஷப்×பி7 என்றால் யானை×இ2 25. பிஷப் ஜி2 யானை எச்3! 26. பிஷப்×எச்3 யானை×எச்2 மேட்.

24. பிஷப்×சி3 என்றால் யானை×இ2, எச்2-இல் உடனடி மேட் மிரட்டல். 25. யானை எஃப்2 பிஷப்×இ4+ 26. ராஜா ஜி1 பிஷப்×எஃப்2+. வெள்ளையிடம் மிஞ்சுவது ஒரு யானையும் ஒரு பிஷப்பும். கறுப்பிடம் யானை, இரண்டு பிஷப், குதிரை.

24. ராணி×ஜி4 என்றால் பிஷப்×இ4+ 25. யானை எஃப்3 யானை×எஃப்3. 26. ராணி ஜி2 என்று தடுத்தால் யானை எஃப்1+! 27. யானை×எஃப்1 பிஷப்×ஜி2 மேட்.

ஆட்டத்தில் வந்தது:

24. ராணி×டி2 பிஷப்×இ4+
25. ராணி ஜி2 யானை எச்3!

ரோட்லெவி இங்கே ஆட்டத்தை விட்டார். ஜி2 ராணி கட்டுண்டு கிடக்கிறது, எச்2-இல் மேட் வருகிறது. 26. யானை எஃப்2 என்று முயன்றால் யானை×எச்2+ 27. ராஜா ஜி1 பிஷப்×எஃப்2+ 28. ராஜா எஃப்1 பிஷப் டி3 மேட். 26. யானை எஃப்3 என்றால் பிஷப்×எஃப்3, அடுத்து எச்2. ஏ1-இல் நிற்கும் வெள்ளை யானையைப் பாருங்கள். ஆட்டம் முழுவதும் ஒரு கட்டம்கூட நகரவில்லை.

இரண்டாம் சுற்றில் செய்ய வேண்டியது

முதல் சுற்று முடிந்ததும் ஒரு நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் வெற்றுப் பலகையில், 15-ஆம் நகர்வுக்குப் பிந்தைய நிலையை நினைவிலிருந்து அடுக்குங்கள். சமச்சீர் என்பதால் இது கடினமில்லை. அங்கிருந்து 25 வரை குறிப்பைப் பார்க்காமல் ஆட முடிகிறதா என்று பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த நகர்வுக்கான காரணம் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

இப்போது எஞ்சினைத் திறக்கலாம். அது காட்டும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். 17, 18, 19 ஆகிய மூன்று வெள்ளை நகர்வுகளில் அந்த எண் எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொண்டு, உங்கள் டெம்போக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

பின்னர் உங்கள் சொந்த ஆட்டங்களில் தோற்ற ஒன்றை எடுத்து, 15-ஆவது நகர்வில் நிறுத்தி அதே இரண்டு பத்திக் கணக்கைப் போடுங்கள். எந்தக் காய் எத்தனை முறை நகர்ந்தது, எது நகரவே இல்லை. சமச்சீர் இல்லாத நிலையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் ராணி மூன்று முறை நகர்ந்து யானை ஒரு முறைகூட நகராதது தெரியாமல் போகாது.

இந்தத் தற்காப்பை நீங்கள் ஆடலாமா

ஆடலாம், ஆனால் வெள்ளை எல்லோரும் ரோட்லெவி மாதிரி இ3 ஆடமாட்டார்கள். இன்று நீங்கள் பெரும்பாலும் சந்திக்கப் போவது இது: 1. டி4 டி5 2. சி4 இ6 3. குதிரை சி3 சி5 4. சி×டி5 இ×டி5 5. குதிரை எஃப்3 குதிரை சி6 6. ஜி3 குதிரை எஃப்6 7. பிஷப் ஜி2 பிஷப் இ7. வெள்ளை பிஷப் ஜி2-இலிருந்து டி5-ஐக் குறிவைக்கிறது. பின்னர் சி5-ஐ வெட்டி டி5 சிப்பாயைத் தனித்து நிற்க வைப்பது திட்டம். வேடிக்கை என்னவென்றால், இந்த ஜி3 முறைக்கு, ஷ்லெக்டர் என்ற இன்னொரு ஆட்டக்காரரோடு சேர்த்து வைத்திருக்கும் பெயர் ரூபின்ஸ்டைனுடையது. தாராஷ் தற்காப்பில் தன் மிக அழகான ஆட்டத்தை வென்றவரே அதற்கு எதிரான மருந்துக்கும் பெயர் கொடுத்தார்.

தனித்து நிற்கும் டி5 சிப்பாய் உங்களுக்கு இ4 கட்டத்தில் குதிரைக்கு இடமும், காய்களுக்குத் திறந்த வழிகளும் தரும். ராணிகள் மாறி, காய்கள் குறைந்துவிட்டால் அதே சிப்பாய் பாரம். 1969 உலகப் பட்டப் போட்டியில் பெட்ரோசியானுக்கு எதிராக ஸ்பாஸ்கி இதை நம்பி ஆடிப் பட்டம் வென்றார். 1984-இல் தொடங்கிய போட்டியில் காஸ்பரோவ் இதே தற்காப்பில் கார்போவிடம் 7-ஆவது, 9-ஆவது ஆட்டங்களில் தோற்று அதைக் கைவிட்டார். காய்களைச் சுறுசுறுப்பாக வைத்திருக்கப் பிடிக்கும் என்றால் எடுங்கள். சிப்பாய் பலவீனம் இருந்தால் தூக்கம் வராது என்பவர்களுக்கு இது வேண்டாம்.

ஆனந்தின் பலகையில் அதே கட்டங்கள்

2013 ஜனவரி, நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ. லெவோன் அரோனியன் வெள்ளை, அப்போதைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பு. இங்கே தற்காப்பு அரை ஸ்லாவ் என்ற வேறொரு வகை, ஆனால் பாதையைப் பாருங்கள்:

1. டி4 டி5 2. சி4 சி6 3. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4. குதிரை சி3 இ6 5. இ3 குதிரை பிடி7 6. பிஷப் டி3 டி×சி4 7. பிஷப்×சி4 பி5 8. பிஷப் டி3 பிஷப் டி6 9. 0-0 0-0 10. ராணி சி2 பிஷப் பி7 11. ஏ3 யானை சி8 12. குதிரை ஜி5 சி5 13. குதிரை×எச்7 குதிரை ஜி4 14. எஃப்4 சி×டி4 15. இ×டி4 பிஷப் சி5! 16. பிஷப் இ2 குதிரை டிஇ5! 17. பிஷப்×ஜி4 பிஷப்×டி4+ 18. ராஜா எச்1 குதிரை×ஜி4 19. குதிரை×எஃப்8 எஃப்5 20. குதிரை ஜி6 ராணி எஃப்6 21. எச்3 ராணி×ஜி6 22. ராணி இ2 ராணி எச்5 23. ராணி டி3 பிஷப் இ3! அரோனியன் விட்டுவிட்டார்.

18-ஆவது நகர்வுக்குப் பின் நிறுத்துங்கள். ஒரு பிஷப் பி7-இல், இன்னொன்று ஜி1-ஐப் பூட்டிக்கொண்டு டி4-இல், குதிரை ஜி4-இல், வெள்ளை ராஜா எச்1-இல். ரூபின்ஸ்டைனின் பலகைதான். ஆட்டம் முடிந்த பின் ஆனந்தே அந்தப் பழைய ஆட்டத்தை நினைவுகூர்ந்தார். டெம்போ கதையும் அதேதான்: வெள்ளை பிஷப் டி3, சி4, டி3, குதிரை எஃப்3-இலிருந்து ஜி5, எச்7, எஃப்8, ஜி6 என்று ஒரே காய் நாலு தாவல். ஏ1 யானை இங்கேயும் வீட்டில்.

கடைசி நகர்வை நீங்களே விளக்கிப் பாருங்கள். டி3 ராணி மூன்றாம் கிடைவரிசை வழியாக எச்3-ஐக் காத்துக்கொண்டிருந்தது. பிஷப் இ3-இல் நடுவே வந்து அந்தக் காவலைத் துண்டிக்கிறது, ஜி1-இன் மீதுள்ள பூட்டும் அப்படியே இருக்கிறது. 24. பிஷப்×இ3 என்றால் ராணி×எச்3+ 25. ராஜா ஜி1 ராணி எச்2 மேட்.

இந்த இரண்டு ஆட்டங்களையும் முடித்தவர்களுக்கு ஒரு வேலை மீதி இருக்கிறது. லோட்ஸ் ஆட்டத்தில் 17. ... பிஷப் சி7-க்குப் பிந்தைய நிலையை அடுக்கி, வெள்ளைக்கு 18. யானை ஏசி1 கொடுத்து, ஒரு நண்பரோடு இரண்டு முறை ஆடுங்கள்: ஒரு முறை கறுப்பாக, ஒரு முறை வெள்ளையாக, தலா 30 நிமிடக் கடிகாரம் வைத்து. இரண்டு டெம்போ கையில் இருந்தும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் இடம் கறுப்பாக ஆடும்போது நிச்சயம் வரும். அந்த நகர்வின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.